ஜப்பானிய ராணுவ வாளில் உள்ள முத்திரைகள்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

பர்மா சண்டைக்குப் போன தாத்தா கொண்டுவந்தது, சிங்கப்பூரில் பெரியப்பா ஏலத்தில் எடுத்தது, பழைய பங்களாவைக் காலி செய்யும்போது பரணில் கிடைத்தது என்று ஆளுக்கொரு கதையோடு எனக்கு வாள் படங்கள் வருகின்றன. கதை மாறினாலும் கேள்வி மாறுவதில்லை: "பூ மாதிரி ஒரு முத்திரை இருக்கே, அது என்ன?" தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். கேள்விகளை வந்தபடியே விட்டிருக்கிறேன்.

கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் இரும்பு வாலை இங்கே காம்பு என்கிறேன். ஜப்பானியர்கள் அதை நகாகோ என்பார்கள். வெட்டும் பகுதி அலகு. ஜப்பானிய எழுத்துகளை அச்சிடாமல் அவற்றின் உருவத்தைச் சொல்லியிருக்கிறேன். துருவுக்கு அடியில் பாதி எழுத்துதான் தெரியும் என்பதால் உருவத்தைப் பிடித்துக்கொள்வதுதான் பயன்படும். பேச்சு முழுக்க 1930-களிலிருந்து 1945 வரையிலான வாள்களைப் பற்றியது.

வாள் முழுக்கத் தேடிட்டேன், ஒரு முத்திரையும் இல்லை. எங்கே இருக்கும்?

அதிகாரிகளின் வாளாக இருந்தால் கைப்பிடிக்கு உள்ளே, காம்பில் இருக்கும். பெரும்பாலும் கொல்லரின் கையெழுத்துக்கு மேலே, அலகு தொடங்கும் இடத்தை ஒட்டிக் குத்தியிருப்பார்கள். சிலவற்றில் காம்பின் முதுகில், அதாவது தடித்த ஓரத்தில் இருக்கும். அங்கே பார்க்க நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

ஹவில்தார் நிலையில் இருந்தவர்களுக்கு அரசு கொடுத்த வாள் என்றால் கழற்றவே வேண்டாம். அலகின் அடியில் எண்ணும், கைப்பிடியின் முன்பக்க உலோக வளையத்தில் முத்திரைகளும் வெளியிலேயே தெரியும்.

கைப்பிடியைக் கழட்டினா உடைஞ்சிடாதா?

அதிகாரி வாளின் கைப்பிடியை ஒன்றோ இரண்டோ மூங்கில் முளைகள்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. முளையின் ஒரு முனை சிறிது, மறுமுனை பெரிது. சிறிய முனையிலிருந்து தள்ளினால் வந்துவிடும். பெரிய முனையில் ஆணியை வைத்து அடிப்பவர்கள்தான் கைப்பிடியைப் பிளக்கிறார்கள். முளை வந்ததும் வாளை மேல்நோக்கிச் சற்றுச் சாய்த்து, கைப்பிடியின் கோடியை இடது கையில் பிடித்து, அந்த இடது மணிக்கட்டின் மேல் வலது முஷ்டியால் தட்டுங்கள். அலகு மெல்ல எழும்பும். எண்பது வருஷத் துரு இறுகியிருந்து அசையவில்லை என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

கைக்காப்பு வட்டுக்கு இருபுறமும் மெல்லிய தகடுகள் இருக்கும், சில வாள்களில் எட்டு வரை. அவற்றைக் கழற்றும் முன் வரிசையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லாமல் விட்டதற்காக என்னைத் திட்டியவர்கள் உண்டு. கைப்பிடியில் மூங்கிலுக்குப் பதில் இரும்புத் திருகு இருந்தால் அதற்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி வேண்டும். தலை தேய்ந்துபோனால் பிறகு வழியே இல்லை.

எங்க வீட்டு வாள் ஆபீசர் வாளா, மத்தவங்க வாளான்னு எப்படிப் பார்க்கிறது?

கைப்பிடியைப் பாருங்கள். வெள்ளையாக, மணல் போட்டதுபோல் சொரசொரப்பான திருக்கை மீன் தோலும், அதன் மேல் குறுக்கும் நெடுக்கும் சுற்றிய நாடாவும் இருந்தால் அதிகாரி வாள். அதே சுற்று வேலையை உலோகத்தில் வார்த்து வண்ணம் பூசியிருந்தால் 95-ஆம் வகை, அரசு கொடுத்தது. தொடக்கத்தில் அந்தக் கைப்பிடியைச் செம்பில் செய்தார்கள், பிறகு அலுமினியத்தில், போர் முடியும் தறுவாயில் கட்டம் கட்டமாக வெட்டிய மரத்தில்.

இது பதவி விஷயம் மட்டுமில்லை. ஜப்பானிய அதிகாரி தன் வாளைச் சொந்தக் காசில் வாங்க வேண்டும். கடையில் வாங்கலாம், தரைப்படை அதிகாரிகளின் சங்கமான கைகோஷாவில் வாங்கலாம், பரம்பரை வாளுக்கு ராணுவ உறை மாட்டிக்கொண்டும் போகலாம். அதனால் அந்த வாளில் சந்தையின் முத்திரைகள் இருக்கும். அரசுக் காசில் செய்ததில் ஆயுதச்சாலையின் முத்திரைகள் இருக்கும்.  கீழே வரும் பதில்களில் பாதி இதிலிருந்துதான் பிறக்கின்றன.

94, 95, 98-ன்னு சொல்றாங்களே, அதெல்லாம் வாளில் குத்தின நம்பரா?

இல்லை, அவை வடிவமைப்பின் பெயர்கள். ஜப்பானின் பேரரசுக் கணக்குப்படி 1940-ஆம் ஆண்டு 2600. அதில் கடைசி இரண்டு இலக்கங்களை வைத்துப் பெயரிட்டார்கள். 2594 நம் 1934. 95 என்றால் 1935. கடற்படையின் 97 என்றால் 1937. 98 என்றால் 1938. வாளின் மேல் இந்த எண்ணைத் தேடிப் பயனில்லை.

பூவுக்குள்ள ஒரு எழுத்து இருக்கு. அது செஞ்சவர் பேரா?

இதுதான் எனக்கு மிக அதிகமாக வரும் கேள்வி. பெயர் இல்லை, சோதனை முத்திரை. ஐந்து இதழ் சக்குராப் பூவுக்குள்ளோ சிறு வட்டத்துக்குள்ளோ இருக்கும் எழுத்து பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது "ஷோ". பேரரசர் ஹிரோஹிட்டோவின் ஆட்சிக்காலமான ஷோவாவின் முதல் எழுத்து. இடது பாதி, நடுவில் கோடு போட்ட நிமிர்ந்த பெட்டி. வலது பாதியில் கீழே ஒரு சின்னப் பெட்டி, அதன் தலையில் வளைந்த கொக்கி போன்ற ஓர் உருவம். அந்தக் கொக்கி தனியாக நின்றால் "வாள்" என்று பொருள் தரும் எழுத்து. லென்ஸ் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் அதில்தான் கண் போகும். இது 1930-களின் நடுவிலிருந்து ஏறக்குறைய 1942 வரை புழங்கியது.

இரண்டாவது "செக்கி". இரண்டு கதவுகள் வைத்த வாசல் போல இருபுறமும் சட்டம், நடுவில் ஏதோ நுழைந்து நிற்பதுபோல் கோடுகள். கிஃபு மாநிலத்தில் உள்ள செக்கி ஊரின் பெயர் அது. எழுநூறு வருஷமாக வாள் அடிக்கும் ஊர். இன்றும் சமையல் கத்தியும் சவரக் கத்தியும் அங்கிருந்து வருகின்றன. அந்த எழுத்துக்குச் சோதனைச்சாவடி என்றும் பொருள் உண்டு. சோதனை முத்திரைக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்தை யாரும் திட்டமிட்டுத் தேடியிருக்க முடியாது. போரின் பிற்பகுதியில் ஷோ முத்திரையின் இடத்தை இது பிடித்துக்கொண்டது.

செக்கியின் கத்தி உற்பத்தியாளர் சங்கம்தான் ஷோ முத்திரையைக் குத்தியது. 1937-இல் சீனாவோடு போர் மூண்ட பிறகு வாளுக்கான தேவை ஏறிக்கொண்டே போனது. கையால் அடித்து அந்த அளவுக்குக் கொடுக்க யாராலும் முடியவில்லை. ஆலை எஃகில், இயந்திரச் சுத்தியல் துணையோடு, எண்ணெயில் தோய்த்துச் செய்த அலகுகள் அந்த இடைவெளியை நிரப்பின. இவற்றைத்தான் ஷோவா-தோ என்கிறார்கள்.

அப்போ அந்த முத்திரை இருந்தா டூப்ளிகேட் வாள்னு அர்த்தமா?

இல்லவே இல்லை. போரில் பிடித்த உண்மையான வாள்தான். மரபு முறையில், மணல் இரும்பிலிருந்து எடுத்த தமஹகானே எஃகை மடித்து மடித்து அடித்து, தண்ணீரில் தோய்த்த வாள் இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். சண்டைக்கு அது போதுமானது.

"அப்பா இதைச் சாமுராய் வாள்னு சொன்னாரே" என்று மனம் உடைந்து கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அப்பா கொண்டுவந்தது போர்க்கால வாள். அது நடந்த வரலாறு. சாமுராய் கதை பிறகு ஒட்டிக்கொண்டது. விலையில் வித்தியாசம் உண்டு, மறைக்கவில்லை.

ஐந்து முனை நட்சத்திரம் ஒண்ணு குத்தியிருக்கு. ராணுவ முத்திரைதானே, இதில் என்ன விசேஷம்?

விசேஷம் இருக்கிறது. நட்சத்திரம் ஜப்பானியத் தரைப்படையின் சின்னம்தான். ஆனால் காம்பில் அது வந்தால், தரைப்படையின் அங்கீகாரம் பெற்ற கொல்லர் செய்த அலகு என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட கொல்லரை ரிக்குகுன் ஜுமே தோஷோ என்பார்கள். ராணுவம் கொல்லர்களுக்குத் தமஹகானே எஃகும் கரியும் ஒதுக்கும். அவர்கள் மரபு முறையில் அடித்துக் கொடுக்க வேண்டும். 1942 முதல் இந்த நட்சத்திரத்தைக் காண்கிறோம். அதனால் நட்சத்திரம் உள்ள காம்பைப் பார்த்தால் சேகரிப்பாளர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். 1933-இல் டோக்கியோவின் யசுகுனி கோயில் வளாகத்தில் தொடங்கிய பட்டறையில் 1945 வரை எட்டாயிரத்துக்கு மேற்பட்ட மரபு வாள்கள் அடிக்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலும் முத்திரையே கிடையாது. எனவே நட்சத்திரம் இருந்தால் நல்லது. இல்லாததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

என்னுடையதில் வட்டத்துக்குள்ள நங்கூரம். கப்பல் கம்பெனியா?

கடற்படை. வட்டத்துக்குள் நங்கூரம் என்றால் அய்ச்சி மாநிலத்தின் தொயோகாவா கடற்படை ஆயுதச்சாலையை நினைக்க வேண்டும். கடல் காற்றுக்குத் தாங்கும் துருப்பிடிக்காத எஃகில் செய்த அலகுகளில் இது அடிக்கடி வரும். அலகு எண்பது வருஷத்துக்குப் பிறகும் எவர்சில்வர் போல மின்னினால் சந்தேகப்படாதீர்கள், அதுதான் காரணம். 1945 ஆகஸ்ட் 7-இல் குண்டுவீச்சில் அந்த ஆயுதச்சாலை அழிந்தது. அன்று அங்கே இறந்தவர்கள் 2,500 பேருக்கு மேல்.

பூ பாதி, நீரலை பாதியாகச் செதுக்கிய சின்னம் இருந்தால் அது சோதனை முத்திரையே இல்லை. கோபே நகரின் மினதோகாவா கோயிலின் கிக்குசுய் சின்னம் அது. அங்கே அடித்த வாள்கள் கடற்படை அதிகாரிகளுக்குப் போயின. இப்படி ஒன்று கையில் இருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு விஷயம் தெரிந்த ஒருவரை நேரில் தேடிப் போங்கள்.

95-ஆம் வகை வாள்ல ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்டு நாலு வட்டம், பக்கத்துல சின்னச் சின்ன எழுத்து. எப்படிப் படிக்கிறது?

நான்கு வட்டங்கள், அடுக்கிய பீரங்கிக் குண்டுகளை மேலிருந்து பார்த்த தோற்றம். முதலில் டோக்கியோவின் கொய்ஷிகாவா ஆயுதச்சாலை வைத்திருந்த சின்னம். 1923 நிலநடுக்கத்தில் அந்த இடம் சேதமடைந்தபின் வேலைகளைத் தெற்கே கொக்குராவுக்கு மாற்றி 1935 வாக்கில் முடித்தார்கள், சின்னமும் கூடவே போனது. பழைய இடத்தில் 1937-இல் கொராக்குவென் பேஸ்பால் மைதானம் எழுந்தது. 1945 ஆகஸ்ட் 9-இல் இரண்டாவது அணுகுண்டுக்கு முதல் இலக்கு இந்தக் கொக்குரா ஆயுதச்சாலைதான். ஊரை மூடியிருந்த புகையும் மேகமும் விமானத்தை நாகசாகிக்குத் திருப்பிவிட்டன.

பக்கத்திலிருக்கும் சின்ன எழுத்து, எந்த ஆயுதச்சாலையின் சோதனையாளர் ஒப்புக்கொண்டார் என்பதைச் சொல்லும். நடுவில் ஒரு நேர்கோடு, இருபக்கமும் ஆளுக்கொரு புள்ளி என்றால் "கோ", கொக்குரா. நேர்கோடு ஒரு பெட்டியைத் துளைத்துக்கொண்டு இறங்கி, கீழே இரண்டு கால்கள் விரிந்தால் "தோ", டோக்கியோ. சாய்ந்த கொக்கிக்குக் கீழே சின்னப் பெட்டி என்றால் "நா", நகோயா. இந்த "நா" அதிகாரி வாள்களின் காம்பிலும் வரும், ஏனென்றால் செக்கி ஊர் நகோயா ஆயுதச்சாலையின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. செக்கி முத்திரையும் "நா"வும் ஒரே காம்பில் இருந்தால் குழம்ப வேண்டாம். இடதுபக்கம் மூன்று முனையுள்ள மலை போன்ற உருவம் வந்தால் அது கிஃபுவின் "கி", போரின் கடைசிக் கட்டத்து முத்திரை.

நம்பர்களும் இருக்கு: சிவப்பு பெயிண்ட்ல ஒண்ணு, தகட்டுல ஒண்ணு. எது சரியான நம்பர்?

இரண்டும் பட்டறைக் கணக்கு. தகடுகள், கைக்காப்பு, கைப்பிடி வளையம் எல்லாவற்றையும் ஒரே அலகுக்குப் பொருத்தித் தேய்த்த பிறகு, கலந்துவிடாமல் இருக்க எல்லாவற்றிலும் ஒரே எண்ணைக் குத்தி வைப்பார்கள். காம்பில் பெயிண்டால் எழுதியதும் அப்படித்தான். தகடுகளின் எண்கள் ஒத்துப்போனால் வாள் கலைக்கப்படாமல் வந்திருக்கிறது என்ற நிம்மதி கிடைக்கும். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் யாரோ இடையில் மாட்டியது.

95-ஆம் வகையில் அலகின் அடியில் உள்ள எண் அரசு வழங்கிய வரிசை எண். உறையின் வாயிலும் அதே எண் இருக்க வேண்டும். சரணடைந்தவர்களிடமிருந்து ஒரே முகாமில் கொத்தாக வாள்களை வாங்கிக் குவித்தபோது உறைகள் மாறிப்போயின. எண் பொருந்தாவிட்டால் போலி என்று முடிவு கட்டாதீர்கள்.

தேதி எப்படிப் படிக்கிறது? வருஷம் தெரிஞ்சா போதும்.

கையெழுத்துக்கு எதிர்ப்பக்கம் பாருங்கள். மேலே, நான் பூ முத்திரைப் பதிலில் சொன்ன அதே "ஷோ" எழுத்து பெரிதாக உளியால் வெட்டப்பட்டிருக்கும். அதற்குக் கீழே "வா", அதற்குக் கீழே கூட்டல் குறி. கூட்டல் குறிதான் பத்து. அதற்கும் கீழே உள்ளதைப் பத்தோடு சேர்த்து, வரும் தொகையில் 1925-ஐக் கூட்டினால் நம் ஆண்டு. ஷோவா 17 என்றால் 1942. முத்திரையையும் தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்: 1937 தேதி போட்ட காம்பில் நட்சத்திரம் இருந்தால் ஏதோ இடிக்கிறது.

தென் மஞ்சூரிய ரயில்வே நிறுவனம் டைரன் நகரில் செய்த கோஆ இஷ்ஷின் வாள்களில் மட்டும் வேறு கணக்கு. அவற்றில் ஆண்டை அறுபது வருஷச் சுற்றின் பெயரால் எழுதி, பக்கத்தில் "வசந்தம்" என்று சேர்த்திருப்பார்கள். பிரபவ, விபவ என்று எண்ணிப் பழகியவர்களுக்கு இதில் சிரமம் இருக்காது, ஆனால் பெயர்கள் வேறு. 1939 அவர்களுக்கு மண்-முயல் ஆண்டு. நமக்கு அது பிரமாதி. 1942 அவர்களுக்கு நீர்-குதிரை, நமக்குச் சித்திரபானு. இந்த ரயில்வே வாள்களில் காம்பின் முதுகில் ஒரு ஜப்பானிய எழுத்தும் எண்ணும் குத்தியிருப்பதும் வழக்கம்.

முத்திரையே இல்லை. அப்ப கையால அடிச்ச பழைய வாள்தானே?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எல்லா ஷோவா-தோவிலும் முத்திரை குத்தவில்லை; செக்கிக்கு வெளியே செய்தவை நிறைய. யசுகுனி வாள்களைப் பற்றி மேலே சொன்னதையும் சேர்த்துப் படியுங்கள். முத்திரை இல்லாதபோது அலகைத்தான் கேட்க வேண்டும்: மடித்து அடித்த எஃகின் மரவரி போன்ற தடம், தோய்ப்புக்கோட்டின் (காய்ச்சிய அலகைத் தோய்க்கும்போது வெட்டும் ஓரத்தை ஒட்டி விழும் கோடு) தன்மை. அதைப் படம் பார்த்துச் சொல்கிறேன் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள், நானாக இருந்தாலும்.

முத்திரை தெளிவாத் தெரியல. காம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டாம். காம்பின் கருந்துருதான் வாளின் வயதுச் சான்று. ஒருவர் எனக்கு இரண்டு படங்கள் அனுப்பினார். முதல் படத்தில் காபிக்கொட்டை நிறத்தில் காம்பு, "ஷோ" முத்திரையின் இடது பெட்டி அழகாகத் தெரிந்தது. இன்னும் தெளிவாகத் தெரியட்டும் என்று பக்கத்துப் பட்டறையில் கொடுத்து எடுத்தது இரண்டாவது படம். காம்பு புதுத் தட்டு போலப் பளபளத்தது. முத்திரை இருந்த இடத்தில் ஒரு வழவழப்பு. எண்ணெய் தொட்ட மெல்லிய துணி, மர ஈர்க்குச்சி, இவற்றைத் தாண்டிப் போகாதீர்கள்.

ஆன்லைனில் முத்திரையோட வாள் விக்கிறாங்க. போலின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

95-ஆம் வகையைத்தான் மிக அதிகமாகப் போலி செய்கிறார்கள். கைப்பிடி பித்தளை என்றால் விலகிவிடுங்கள்; மேலே சொன்ன மூன்று பொருளில் அது இல்லை. போலியில் எண்கள் கோணல்மாணலாக, ஒவ்வொன்றும் ஒரு ஆழத்தில் இருக்கும். அதிகாரி வாளில், முத்திரைக் குழியின் அடியைப் பாருங்கள். காம்பு முழுக்கக் கருந்துரு, குழிக்குள் மட்டும் புது இரும்பு அல்லது ஆரஞ்சு நிறத் துரு என்றால் குத்தியவர் நம் காலத்து ஆள்.

தலைகீழாக ஒரு சந்தேகம்: முத்திரையை அழிச்சிருப்பாங்களா?

நல்ல கேள்வி. அழிப்பார்கள். ஷோ முத்திரையைத் தேய்த்து எடுத்துவிட்டு மரபு வாள் என்று விற்பது பழைய தந்திரம். காம்பின் மேல் விரலை ஓட்டினால் கையெழுத்துக்கு மேலே ஒரு இடத்தில் லேசான பள்ளம் தட்டுப்படும். சாய்வான டார்ச் வெளிச்சத்தில் அந்தப் பள்ளத்தைச் சுற்றி அரத்தின் கோடுகள் திசை மாறி ஓடும். கொல்லர் போட்ட அரக்கோடுகள் காம்பு முழுக்க ஒரே சாய்வில்தான் போகும்.

ஜப்பானுக்குப் போறப்ப எடுத்துட்டுப் போய் நிபுணர்கிட்ட காட்டலாமா?

முத்திரையைப் படிக்காமல் இதைச் செய்யாதீர்கள். ஜப்பானில் வாள் வைத்திருக்கப் பதிவுச் சான்று வேண்டும். மாநிலக் கல்வி வாரியம் கொடுக்கும். மரபு முறையில் செய்த, கலைமதிப்புள்ள அலகுகளுக்குத்தான் அது கிடைக்கும். ஷோ முத்திரையோ இயந்திர அலகோ உள்ளே போனால் பறிமுதல், பிறகு அழிப்பு. பர்மாவையும் மலாயாவையும் தாண்டி உங்கள் வீட்டுச் சுவர் வரை வந்த வாள், தான் பிறந்த நாட்டில்தான் துண்டாகும்.

சரி, உங்களுக்குப் படம் அனுப்பணும்னா எப்படி எடுக்கிறது?

நேர் ஃபிளாஷ் வேண்டாம், எழுத்து தட்டையாகிவிடும். காம்பை நிமிர்த்தி, கூர்முனை மேலே இருக்கும்படி வைத்து, ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக டார்ச் அடித்து இரண்டு பக்கத்தையும் முதுகையும் தனித்தனியாக எடுங்கள்.

அதையும்விட நல்லது, கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதுபோல ஒரு படி எடுப்பது. ஜப்பானியர்களும் இதைத்தான் செய்கிறார்கள், ஓஷிகதா என்பார்கள். நம் வேலைக்கு மை தேவையில்லை. மெல்லிய வெள்ளைத் தாளைக் காம்பின் மேல் இறுக்கிச் சுற்றி, கட்டைவிரலால் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு, மென்மையான பென்சிலைப் படுக்கவைத்து ஒரே திசையில் தேயுங்கள். இடையில் தாள் நகர்ந்தால் வேறு தாள் எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத முத்திரை, மூன்றாவது முயற்சியிலாவது, கறுப்புக்கு நடுவே வெள்ளையாக எழும்பும்.